சாம்பிராணி காட்டாத அலமாரி

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூச்சு வரும், போகும். வாசனை மட்டும் இல்லை. சளி என்று நினைத்தேன். சளி போயிற்று, வாசனை திரும்பவில்லை. பொன்னேரியில் பார்த்த டாக்டர், சிலருக்குத் தானாக வந்துவிடும், சிலருக்கு நாளாகும் என்றார். வராமலே போகிறவர்களும் உண்டா என்று கேட்டேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் காரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் சூடான ஈரத்துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. நான் தட்டைப் பார்த்துத்தான் அது கருவாடு என்று தெரிந்துகொண்டேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வாசனையோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து போயிருந்தது. அது இல்லாமலும் பஸ் ஏற முடிந்தது, வேலை செய்ய முடிந்தது, தூங்க முடிந்தது. அதனால் அதைத் தேடவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் கம்பெனி பஸ் திரும்பியதும் எல்லாப் பெண்களும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்துவார்கள். இரும்பு உருக்குகிற புகையும் எந்தக் கம்பெனியிலிருந்தோ வருகிற மருந்து நெடியும் அந்த வளைவில்தான் சேரும். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"உனுக்கு இன்னாடி, ராணி மாதிரி வர" என்பாள் பக்கத்தில் உட்காருகிறவள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா எளாவூரில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று டிரைவரின் பேச்சை வைத்துச் சொல்லிவிடுவார், லாரியில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல வராது. அம்மாவுக்கு நடவு, களை, அறுப்பு. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தபோது அப்பா சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். எது மேல்பக்கம் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆணியில் மாட்டினார். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சமையலறை அலமாரிகள் செய்கிறோம். வீட்டுக்கு வெளியே, தோட்டத்திலும் முற்றத்திலும் நின்று சமைக்கிற ஆசை பணக்காரர்களுக்கு வந்த பிறகு, கேஸ் பார்பெக்யூ பதிக்கிற அலமாரிகளும் செய்ய ஆரம்பித்தோம். மூடி போட்ட பெரிய கம்பி அடுப்புதான் அது. அடியில் கேஸ் எரியும், மேலே கம்பிகளின் மேல் மீனோ கறியோ வேகும். அதைத் தனியாக நிறுத்தி வைத்தால் தொல்லை இல்லை. கல்லும் கதவும் வைத்த அலமாரிக்குள் பதிக்கும்போதுதான் சூடு எங்கே போகும், ஒழுகினால் கேஸ் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும்.

நான் கம்பெனிக்குள் மேசையில் உட்கார்ந்து இணைப்புகளைச் சோதிக்கிற பெண். வெளியே போய்ப் பொருத்துவது ஆண்கள் வேலை என்று வைத்திருந்தார்கள். சைட் வேலை வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூக்கு போன விஷயம் தெரிந்த பிறகு சூப்பர்வைசருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

"கேஸ் வேலைக்கு மூக்கு வேணாமாம்மா? செவுடன் கச்சேரிக்கு தாளம் போட்ட கதையா கீது."

"டெஸ்ட்டுக்கு சோப்புத் தண்ணின்னுதான சார் நம்ம கம்பெனில சொல்லிக் குடுக்கறீங்க. மூக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்கலியே."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"சரி. பழவேற்காட்டுல ஒண்ணு கீது. தனியா போய் முடிச்சிட்டு வா. கேஸ் வாசன வருது, அது வருது, இது வருதுன்னு ஒரு போன் வந்திச்சுன்னு வெச்சிக்கோ, மறுபடி மேசைதான். அதுக்கப்பறம் சைட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன்.

பழவேற்காட்டில் அந்த வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. பல தலைமுறையாக வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். வீட்டில் வயதான அம்மாவும், வளைகுடாவிலிருந்து திரும்பியிருந்த மகனும் இருந்தார்கள். மகளை அந்த வருடம்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பார்பெக்யூ எரிய வேண்டும் என்பது மகனின் ஆசை. பார்பெக்யூவை வளைகுடாவிலிருந்தே பெட்டி கட்டிக் கொண்டுவந்திருந்தார். பின்பக்க முற்றத்தில் கொத்தனாரை வைத்துச் செங்கல் மேடை கட்டி, மேலே கறுப்புக் கல் போட்டு, எங்கள் கம்பெனிக் கதவுகளை மாட்டியிருந்தார்.

"மேடம் வர்றாங்கன்னு சொன்னாங்க. நீங்கதான் மேடமா?" என்றார்.

"நான்தான் பாய்."

"சின்னப் புள்ளையா கீறீங்க."

குனிந்து மேடையைப் பார்த்தேன். நாங்கள் அனுப்பிய படத்தில் பக்கச் சுவர்களில் தரையை ஒட்டி ஓட்டைகள் இருந்தன. இங்கே சுவர் முழுசாக, பூசி மெழுகி, வெள்ளையடித்து இருந்தது. அடுப்புக்குப் பின்னால், மர நிறத்தில் பிளாஸ்டிக் பலகை ஒட்டியிருந்தார்கள்.

"கீழ ஓட்ட எங்க பாய்?"

"அத்த அம்மா அடைக்கச் சொல்லிட்டாங்க. மழ பேஞ்சா ஏரிலேர்ந்து தண்ணிப் பாம்பு ஏறிக்கினு வருது."

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஊடு கட்றவங்க ஓட்டைய அடைப்பாங்களா, தொறந்து வெப்பாங்களா? நீயே சொல்லு பொண்ணே."

"கேஸ் அடுப்புக்குத் தொறந்துதாம்மா வெக்கணும். இந்த கேஸு காத்தவிட கனம். ஒழுவுச்சுன்னா மேல போவாது. தண்ணி மாதிரி தரைல எறங்கித் தேங்கும். கீழ வழி இருந்தா வெளிய ஓடிடும். வழி இல்லன்னா அலமாரிக்குள்ளயே நிக்கும். அப்ப யாராவது அடுப்பப் பத்த வெச்சா மொத்தமாப் புடிச்சிக்கும்."

"அப்ப பாம்பு வந்து படுத்துக்கினா?"

"பாம்பு பூராத மாதிரி கம்பி வல போட்டுத் தரேன்."

"கொசு வல போடேன். பாம்பும் வராது, கொசுவும் வராது."

"அது வேணாம்மா. இந்த உப்புக் காத்துல தூசி ஒட்டிக்கினு சீக்கிரமே செவுரு மாதிரி ஆயிடும்."

மகனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அங்கெல்லாம் யாரும் இதெல்லாம் பாக்கறதில்ல மேடம். பெட்டியப் பிரிப்பாங்க, குழாய மாட்டுவாங்க, பத்த வெப்பாங்க. வெள்ளை அடிச்ச செவுர இப்ப ஒடச்சா ஷோ போயிடும்."

ஓட்டை இல்லாமல் சிலிண்டரை மாட்ட மாட்டேன் என்றேன். அந்தப் பிளாஸ்டிக் பலகையையும் எடுத்துவிட வேண்டும், மூடியின் பின்பக்கத்திலிருந்து வருகிற சூட்டில் அது இளகிவிடும் என்றேன். பேஜாரு என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கொத்தனாருக்குப் போன் போட்டார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச பொண்ணா?"

"ஆமாம்மா. எங்க ஊட்ல நான்தான் மொதல்ல படிச்சது."

"தெரியிது. ஒருத்தர் பேச்சையும் கேக்க மாட்டேங்கற."

அன்று ஓட்டைகள் திறந்தன, கம்பி வலை ஏறியது, பிளாஸ்டிக் பலகை கழன்றது. கொத்தனார் போட்ட சிமெண்ட் காய வேண்டியிருந்ததால் மிச்ச வேலைக்கு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிலிண்டர் அடுப்புக்கு நேர் கீழே நிற்காதபடி, அலமாரியின் பக்கத்து அறையில் நிமிர்த்தி வைத்தேன். அந்த அறைக்கும் அடுப்பு இருக்கும் அறைக்கும் நடுவே ஸ்டீல் தடுப்பு. குழாய் அந்தத் தடுப்பைத் தாண்டுகிற துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் ரப்பர் வளையம் மாட்டினேன். பார்பெக்யூவை அதன் இடத்தில் இறக்கி, மட்டம் பார்த்தேன். குழாயின் நட்டை முடுக்கினேன். சோப்புத் தண்ணீரைக் கெட்டியாகக் கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, ரெகுலேட்டரைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்தேன். சுடர் முதலில் மஞ்சளாக ஆடியது. காற்று போகிற வழியைக் கொஞ்சம் திறந்ததும் நீலமாக நின்றது.

"ஏ ஒன்" என்றார் மகன்.

அணைத்து, ரெகுலேட்டரையும் மூடினேன். அம்மா டீ குடிக்காமல் போகக்கூடாது என்று உள்ளே கூட்டிப்போனார். வீடு முழுக்க விருந்துக்கான ஏற்பாடு. பெரிய பாத்திரங்கள் கவிழ்ந்து காய்ந்தன. டீ சூடாக இருந்தது, இனித்தது. மசாலா டீயா வெறும் டீயா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லா இருக்குதும்மா என்றேன்.

அவர்களுக்குப் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும், வியாழன் மாலையே வெள்ளி இரவு. ஒவ்வொரு வாரமும் அந்த நேரத்துக்குச் சாம்பிராணி போடுவது அந்த வீட்டு வழக்கம். அம்மா எழுந்து, தூபக்காலில் கரித்துண்டுகளைப் பற்றவைத்து, சாம்பிராணியைத் தூவினார். புகை எழுந்தது. அவர் அறை அறையாகப் போனார். எங்கள் ஊரிலும் செவ்வாய், வெள்ளியில் போடுவார்கள், ஆனால் இவர் மாதிரி யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பீரோவையும் திறந்து, புடவைகளுக்கு நடுவே புகையை விட்டு, மூடி, அது உள்ளேயே நிற்க வைத்தார். பாத்திர அலமாரி, அரிசிப் பீப்பாய் வைத்த மூலை, செருப்பு அடுக்கிய பெட்டி, ஒன்றையும் விடவில்லை. கதவு இருக்கிற எதையும் அவர் திறந்தார்.

நான் டம்ளரை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் பின்பக்கம் போனேன்.

முற்றத்தில் மகன் போனை நீட்டிப் பிடித்து, வளைகுடாவில் இருக்கும் நண்பர்களுக்குப் பார்பெக்யூவைக் காட்டி முடித்திருந்தார். சிலிண்டர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. நான் மூடி வைத்துவிட்டுப் போன கதவு. உள்ளே பார்த்தேன். சிலிண்டரின் தோளில் ஒரு நசுங்கலும் துருக்கறையும் இருந்தன, மத்தியானம் அவை என் பக்கம் பார்த்திருந்தன. இப்போது சுத்தமான சிவப்புதான் தெரிந்தது. ரெகுலேட்டரின் திருகு திறந்த பக்கம் திரும்பியிருந்தது.

"சிலிண்டரத் திருப்புனீங்களா பாய்?"

"ஆமா. நாளைக்கி கதவத் தொறந்து காட்டும்போது துருவா தெரியுது. நல்ல பக்கம் முன்னால இருக்கட்டும்னு வெச்சேன். அவனுங்களுக்கு ஒருவாட்டி எரிச்சும் காட்டிட்டேன். சூப்பரா எரியுது."

"ரெகுலேட்டர மூடலியா?"

"அடுப்ப அணச்சிட்டனே."

அப்போது அம்மா படியிறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் தூபக்கால். "அந்தக் கதவையும் தொறங்க. நாளைக்கி நாலு கண்ணு படற பொருளு அது."

"அம்மா, அங்கயே நில்லுங்க" என்றேன்.

அவர் நிற்கவில்லை. நான் அவருக்கும் அலமாரிக்கும் நடுவே போய் நின்றேன். தூபக்காலின் சூடு என் கைக்கு எட்டியது.

"நில்லுங்கம்மா. நெருப்பக் கொண்டாராதீங்க."

"எங்க ஊட்ல பரக்கத்து பெருகணும்னு போடறத நீ தடுக்கறியா?"

"அம்மா போடட்டும் மேடம். ஒரு நிமிசம்தான" என்றார் மகன். "வாசன எதுவும் வரலியே. உனுக்கு வருதாம்மா?"

"எனுக்கு வரல. உனுக்கு வருதா பொண்ணே?"

வீடு பூராவும், அந்த அம்மாவின் புடவை, அவர் மகனின் சட்டை, ஈரக் காற்று எல்லாவற்றிலும் சாம்பிராணிதான் இருந்திருக்கும். அதற்குள் கேஸ் வாசனை அமுங்கிப்போயிருக்கும் என்று நான் ஊகித்தேன். "எனக்கு எந்த வாசனையும் வராதும்மா. காய்ச்சல்ல போயிடுச்சு."

மகன் போனைப் பையில் வைத்தார். "மூக்கே இல்லியா? மூக்கு இல்லாத ஆளையா கேஸுக்கு அனுப்பிக்கிறாங்க? இன்னா மேடம், உங்க சூப்பர்வைசர் நம்பர் கீது எங்கிட்ட."

"போடுங்க பாய். அதுக்கு முன்னால அம்மாவ அந்த வாசக்கதவு வரிக்கும் கூட்டிக்கினு போங்க. போன் இங்க வேணாம், அங்க போய்ப் போடுங்க."

என் குரல் ஏறவில்லை. ஏறியிருக்கலாம், எனக்கு ஏறுகிற மாதிரி எதுவும் இல்லை. மேசை, சைட், சூப்பர்வைசர் எல்லாம் எங்கேயோ தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி இருந்தன. அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, திரும்பி நடந்தார். மகனும் பின்னால் போனார்.

முதலில் ரெகுலேட்டரை மூடியிருக்க வேண்டும் என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள். நானும் மூடத்தான் கையை நீட்டினேன். ஆனால் பக்கத்திலேயே சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. ஒரு தடவை பிரஷ்ஷால் நட்டின் மேல் இழுத்தேன். நுரை மூச்சு விட்டது. ஒரு குமிழ் வளர்ந்து உடைந்தது, அதன் இடத்தில் இன்னொன்று. சிலிண்டரைத் திருப்பியபோது குழாயும் முறுக்கிக்கொண்டு நட்டை இளக்கிவிட்டிருந்தது. அடுப்பை அணைத்தாலும், கேஸ் அடுப்புக்குப் போகுமுன்பே அந்த நட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை மூடினேன். எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்துவிட்டுத் தள்ளி வந்தேன்.

கீழே, சுவரில் திறந்த ஓட்டைகளின் வலை தெரிந்தது. அவ்வளவு நேரம் ஒழுகியதில் எவ்வளவு அதன் வழியே போனது, எவ்வளவு உள்ளே நின்றது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்லை.

காத்திருந்துவிட்டு, சிலிண்டரைப் பழைய பக்கமே திருப்பி, முறுக்கை எடுத்து, நட்டை மறுபடி முடுக்கினேன். பிறகு அம்மாவையும் மகனையும் கூப்பிட்டேன். தூபக்கால் வாசலிலேயே இருந்தது. இப்படித்தான் இருந்தது என்று காட்டுவதற்காக நட்டை இளக்கிக் காட்டவில்லை, அது தேவையில்லாத வேலை. சொன்னேன், அவ்வளவுதான். இறுக்கிய நட்டின் மேல் சோப்பைத் தடவிக் காட்டினேன். நுரை அசையாமல் நின்றது.

மகன் நீண்ட நேரம் அதையே பார்த்தார். "வாசன வரலியே" என்றார் மறுபடியும். இந்த முறை அது என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

"நாளைக்கி துரு தெரியட்டும் பாய். திருப்பாதீங்க. சமைச்சு முடிச்சதும் ரெகுலேட்டர மூடுங்க."

"கதவையே தொறந்து காட்டல, போதுமா?"

அம்மா வாசலுக்குப் போய் தூபக்காலை எடுத்தார். திரும்பவும் குறுக்கே போய் நிற்க வேண்டுமோ என்று எனக்குத் தோன்றியது. அவர் முற்றத்தின் மறு பக்கமாக, துணி துவைக்கிற கல்லுக்கும் கோழிக்கூண்டுக்கும் புகை காட்டிவிட்டு, அலமாரியைச் சுற்றிக்கொண்டு போனார்.

"அதுக்கு வேணாம்" என்றார் யாரிடமும் சொல்லாமல். "அது சோப்புத் தண்ணியிலயே குளிச்சிக்கினு கெடக்கட்டும்."

பயம் பிறகு வரும் என்று எதிர்பார்த்தேன். பொன்னேரிக்கு வருகிற பஸ்ஸில் அதற்காகவே கொஞ்சம் காத்திருந்தேன். அந்த அம்மா கதவைத் திறந்து, நெருப்பை உள்ளே நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். படம் வந்தது. படத்தோடு எதுவும் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மீன் கூடையைக் காலடியில் வைத்திருந்தார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சூப்பர்வைசர் போன் செய்தார். பழவேற்காட்டிலிருந்து அவருக்குப் போன் போயிருந்தது.

"இன்னாம்மா, உனுக்கு மூக்கு இல்லன்னு அந்த ஆளு சொல்றாரு."

"ஆமாம் சார்."

"லீக் இருந்திச்சாமே."

"சிலிண்டரத் திருப்பிட்டாரு சார். சரி பண்ணிட்டேன்."

"அதையும்தான் சொன்னாரு." அவருக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடியது. "கோவளத்துல அடுத்தது கீது. போறியா? ஒண்ணு பண்ணு, மோந்து பாக்க ஒரு ஆள கூட அனுப்பறேன்."

"அந்த ஆளுக்கு சோப்புத் தண்ணி கலக்கத் தெரிஞ்சா அனுப்புங்க சார்."

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். எனக்கு சைட் கிடைத்துவிட்டது என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தார். நான் துப்பட்டாவைக் கொடியில் போட்டதும் அருகே வந்து அதை முகர்ந்தார்.

"இன்னாடி, மேலெல்லாம் சாம்பிராணி? கோயிலுக்கா போன?"

"வேலைக்கித்தாம்மா போனேன்."

"நல்ல சாம்பிராணி. கடையில விக்கிற தூள் இல்ல. பெரிய ஊட்டு சாம்பிராணி." அவர் துப்பட்டாவை இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, அதைத் துவைக்கப் போடாமல் மடித்து வைத்தார்.

நானும் அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி. குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு அடுப்படிக்குப் போனேன். ஒரு டம்ளரில் சோப்பைக் கரைத்தேன். எங்கள் சிலிண்டர் மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மாவை அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"கொழம்பு கொதிக்குதுடி."

"கொஞ்சம் அணம்மா."

பல் விளக்குகிற பழைய பிரஷ்ஷால் குழாயின் இரண்டு முனையிலும் சோப்பைத் தடவிவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். அம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னா பாக்கற?"

"குமிழ் வருதான்னு."

"வந்தா?"

"வந்தா கேஸ் ஒழுவுதுன்னு அர்த்தம்."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நுரை வெள்ளையாக, அசையாமல் இருந்தது.

"வரல" என்றார் அம்மா.

"வரல" என்றேன் நானும். அம்மா எழுந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.